பழைய ஏடுகள் காட்டிய புதுவழி

திருச்சபை புதுப்பிக்கப்பட வேண்டும் என்றால், பழையதைக் களைய வேண்டும் என்பர் ஒரு சாரார். பழையதைத் தொடவே கூடாது என்பர் மறு சாரார். நம் மன்றத்தில் பலர் கத்தோலிக்கர் அல்லர். எனினும் இவ்வழக்கு எச்சமயத்தாருக்கும் புதிதன்று. இரு சாராருக்கும் நான் காட்ட விரும்புவது திருத்தந்தை 23ஆம் யோவானின் வாழ்க்கையை.

ஆஞ்செலோ ரொன்காலி என்னும் இயற்பெயருடைய இவர், 1881இல் வட இத்தாலியின் பெர்கமோ நகருக்கு அருகே, வாரத்துக்கு நிலம் உழுத குடும்பத்தில் பிறந்தார். 1904இல் குருவானார். 1906இல், தம் ஆயரின் செயலராக மிலான் சென்றபோது, பேராயர் இல்லக் காப்பகத்தில் 39 பழந்தொகுதிகளைக் கண்டார். திரெந்து பொதுச்சங்கம் 1563இல் முடிந்தபின் அதன் சீர்திருத்தங்களைச் செயல்படுத்திய பேராயர் சார்லஸ் பொரோமேயோ, 1575இல் பெர்கமோவின் பங்குகளைப் பார்வையிட்டு எழுதுவித்த பதிவுகள் அவை. குருக்கள் எப்படி இருக்கின்றனர், மக்கள் எப்படி இருக்கின்றனர் என்று நேரில் சென்று விசாரித்தவர் பொரோமேயோ. ஆணை பிறப்பிப்பது எளிது, இது எளிதன்று.

அப்பதிவுகளை ரொன்காலி விடவில்லை. பல்கேரியா, துருக்கி, பிரான்சு என்று தூதுப்பணியில் அலைந்தபோதும் பதிப்பு வேலையைத் தொடர்ந்தார். ஐந்து தொகுதிகள் 1936 முதல் 1957 வரை வெளிவந்தன. ஆய்வேட்டை ஓராண்டில் முடிக்கத் திணறும் நாம் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்!

1958 அக்டோபர் 28இல் திருத்தந்தையானபோது அவருக்கு வயது 76. இடைக்காலத்துக்கு ஒரு முதியவர் என்றே பலரும் கருதினர். முடிசூட்டு விழாவுக்கு அவர் தேர்ந்தெடுத்த நாள் நவம்பர் 4, பொரோமேயோவின் திருநாள். மூன்று மாதம் நிறைவதற்குள், 1959 சனவரி 25இல், பொதுச்சங்கம் கூட்டப்போவதாக அறிவித்தார். 1962 அக்டோபரில் உலகெங்குமிருந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆயர்கள் கூடினர்.

அவர் கட்டற்ற புதுமைவாதி அல்லர். குருமாணவரின் இலத்தீன் கல்வியை வலியுறுத்தி அதே ஆண்டில் ஆவணம் வெளியிட்டவரும் அவரே. 1963 சூன் 3இல் அவர் மறைந்தார். தாய்மொழி வழிபாட்டுக்குக் கதவு திறந்த ஆவணம் அவ்வாண்டு திசம்பரில்தான் நிறைவேறியது. இன்று நம் நாட்டுக் கோயில்களில் தமிழில் திருப்பலி கேட்பதற்கு வழி அங்கிருந்து வந்தது.

2021 முதல் 2024 வரை நடந்த ஆயர் மாமன்றம், முதலில் பங்கு மக்களிடம் கருத்துக் கேட்டே தொடங்கியது. அதைப் புதுமை என்று சிலர் அஞ்சினர். எனக்கோ அது 1575இன் பழக்கமாகவே தோன்றுகிறது. பொரோமேயோ கேட்டதோடு நிற்கவில்லை; கண்ட குறைகளைத் திருத்த ஊர் ஊராக ஆணையும் எழுதி வைத்தார். மாமன்றத்தின் இறுதி ஆவணம் 2024 அக்டோபரில் வெளிவந்துவிட்டது. பங்குதோறும் மேய்ப்புப்பணிப் பேரவை வேண்டும், நிருவாகத்தில் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது அது. அந்த இரண்டாம் பாதி வேலை இனிப் பங்குகளில் நடக்க வேண்டியது.