பாலைவனத்து மௌனம்

1858இல் பிரான்ஸில் பிறந்த சார்ள்ஸ் டி ஃபூக்கோ, இளமையிலேயே இறைநம்பிக்கையை இழந்தவர். இராணுவத்தை விட்டு நீங்கி 1883இல் மொரோக்கோவில் பயணித்தபோது, முஸ்லிம் மக்களின் தொழுகை அவரது உள்ளத்தை அசைத்தது. 1886இல் கத்தோலிக்க நம்பிக்கைக்குத் திரும்பினார். 1901இல் குருவாகி, சஹாரா சென்றார்.

1905 முதல் தமன்ராசெத்தில் துவாரெக் முஸ்லிம்களிடையே வாழ்ந்து, அவர்தம் மொழிக்கு அகராதி தொகுத்தார். மணிக்கணக்கில் மௌனமாகச் செபித்தவர், நாடி வந்தோரை வரவேற்கவும் தவறவில்லை. 1908இல் வறட்சியின் நடுவே அவர் நோயுற்றபோது, ஆட்டுப்பால் தேடிக் கொணர்ந்து உயிர்காத்தவர்கள் அம்மக்களே.

1916 டிசம்பர் 1இல் ஆயுததாரிகளால் கொல்லப்பட்டபோது, உடன்வாழும் துறவி ஒருவரேனும் அவருக்கு இருக்கவில்லை. 2022இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

இறைவனோடு தனித்திருத்தல் அயலவரை விட்டு விலகுவதன்று என்பதை நாம் மறந்துவிடலாகாது.