சாவை ஆராய்ந்த மாணவர்

உடலின் தொழிற்பாடே உணர்வு என்பாரும், உடலின் வேறாய் அறிவுப்பொருள் ஒன்று உண்டு என்பாரும் பாரத நாட்டிலே தொன்றுதொட்டு வாதிட்டு வந்துள்ளனர். உலகாயதரை மறுத்தெழுந்த நூல்கள் பல. ஆயின், தருக்க நூல் எதனையும் துணைக்கொள்ளாது, 16 வயதிலே இவ்வினாவைத் தம்மிடமே தொடுத்து விடை கண்டவர் இரமண மகரிஷி.

1879ஆம் ஆண்டு திசெம்பர் 30ஆந் திகதி திருச்சுழியிலே சுந்தரம் ஐயருக்கும் அழகம்மாளுக்கும் மகனாய்த் தோன்றிய இவருக்கு வேங்கடராமன் என்பது பிள்ளைப் பெயர். தந்தையார் 1892இல் இறந்தபின், மதுரையிலே சிறிய தந்தையார் இல்லத்தில் வளர்ந்து, அமெரிக்க மிஷன் உயர்தரப் பாடசாலையிற் பயின்றார். நம்மிற் சிலரைப் போல அவரும் மிஷன் பாடசாலை மாணவரே. விளையாட்டில் விருப்பும் பாடத்திற் பராமுகமும் உடையவர்.

1896 யூலை மாதத்தில் ஒருநாள், நோய் எதுவுமின்றியே மரணபயம் அவரைப் பற்றிற்று. வைத்தியரையோ பெரியோரையோ அவர் நாடினாரல்லர். பிணம்போல நீட்டிக் கிடந்து, மூச்சை அடக்கி, உதட்டை மூடி, இவ்வுடல் சுடலையிற் சாம்பரானால் யான் என்பதும் உடனழியுமோ என உசாவினார். உடல் சடமாய்க் கிடக்க, அதனை அறியும் அறிவு குன்றாது விளங்கக் கண்டார். அன்றே அச்சம் நீங்கிற்று.

சில வாரங்களின் பின், தமையனாரின் கல்லூரிக் கட்டணத்துக்கென எடுத்த 5 ரூபாவில் 3 ரூபாவை மட்டுங் கொண்டு புறப்பட்டு, செப்தெம்பர் 1ஆந் திகதி திருவண்ணாமலையை அடைந்தார். பின்னர் 53 ஆண்டுகளுக்கு மேலாக அம்மலைச் சார்பை விட்டு நீங்கிற்றிலர். சிவப்பிரகாசம்பிள்ளை என்னும் அன்பர் வினவியபோது, மௌனத்திலிருந்த மகரிஷி எழுத்தால் அளித்த விடைகளே 'நான் யார்?' என்னும் சிறு நூலாயின. அறியப்படுவது அறிபவன் ஆகாது. உடலும் பொறிகளும் எண்ணங்களும் அறியப்படுவனவாதலின், அவற்றை நீக்க எஞ்சும் அறிவே யான் என்பது அதன் சாரம். விஞ்ஞானம் மூளையை எத்துணை நுணுகி ஆராயினும், அது காட்டுவது அறியப்படும் பொருளையே அன்றோ?

சிறுவனின் மனமயக்கம் இது எனக் கூறுவாரும் உளர். 1949இல் அவரது இடக்கையிற் புற்றுநோய்க் கட்டி தோன்றிற்று. நான்கு முறை சத்திர சிகிச்சை செய்தும் அது மீண்டும் வளர்ந்தது; கையைத் துணிக்க அவர் இசைந்திலர். அன்பர்கள் கலங்கினர், அவரோ இறுதி நாள்வரை அவர்களுக்குக் காட்சியளித்து, 1950 ஏப்பிரில் 14ஆந் திகதி இரவு அமைதியாக உடலை நீத்தார். இளமையிற் கண்ட விடை முதுமையின் சோதனையிலும் பிறழ்ந்திலது.

பௌதிகமும் உடற்றொழிலியலும் பயிலும் இளைஞராகிய நாம் அவற்றைக் குறைவறக் கற்போமாக. கற்பவன் யாவன் என்பதையும் ஒருகால் நம்பால் வினாவுவோமாக.