பத்தாயிரம் வகுத்திகள் கொண்ட பேரெண்

ஈரோட்டில் 1887 டிசம்பர் 22இல் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன், எண்களையே உற்ற தோழராகக் கொண்டவர். கணிதத்தில் மூழ்கிப் பிற பாடங்களைப் புறக்கணித்ததால், கும்பகோணம் அரசுக் கல்லூரியில் பெற்ற உதவித்தொகையை இழந்தார். பின்னர்ப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் எஃப்.ஏ. தேர்வில் வெற்றி பெற இயலவில்லை. பட்டமின்றி வேலை தேடி அலைந்தவர், 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தரானார். கணித அறிஞர் ஹார்டியின் முயற்சியால் 1914இல் கேம்பிரிட்ஜ் சென்றார்.

அங்கு அவர் ஆராய்ந்தவற்றுள் ஒன்று மிகு பகு எண்களாகும். 11ஐ 1, 11 ஆகிய இரண்டு எண்களே மீதியின்றி வகுக்கும். 12ஐயோ 1, 2, 3, 4, 6, 12 என ஆறு எண்கள் வகுக்கும். 12ஐ விடச் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு வகுத்திகள் இல்லை. இவ்வாறு, தன்னினும் சிறிய எல்லா எண்களையும் விட மிகுதியான வகுத்திகளைக் கொண்டதே மிகு பகு எண். பகா எண்ணுக்கு நேர் எதிரானது இது.

இத்தகைய எண்களை இராமானுஜன் வரிசையாகப் பட்டியலிட்டார். பட்டியலின் இறுதியில் நிற்பது 67,46,32,83,88,800 என்னும் 13 இலக்கப் பேரெண். அதனைப் பகா எண்களாகப் பிரித்தால் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5, 7 ஆகியன இவ்விரு முறையும், 11, 13, 17, 19, 23 ஆகியன ஒவ்வொரு முறையும் வரும். ஒவ்வொரு அடுக்குடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால், அதன் வகுத்திகள் 10,080 எனக் காணலாம். பகா எண்கள் இடைவெளியின்றித் தொடர்வதும், அடுக்குகள் எவ்விடத்தும் ஏறாமல் அமைவதும் மிகு பகு எண்களின் பொதுப்பண்புகள். இறுதிப் பகா எண்ணின் அடுக்கு, 4, 36 ஆகிய இரண்டைத் தவிர ஏனைய அனைத்திலும் ஒன்றே என்பதையும் அவர் நிறுவினார்.

கணிப்பொறி இல்லாக் காலத்தில் உருவான அப்பட்டியலில் 2,93,31,86,25,600 என்னும் எண் மட்டும் விடுபட்டுவிட்டது. அதனை 23ஆல் பெருக்கினால் பட்டியலின் இறுதி எண்ணே கிடைக்கும். ஓர் எண் விடுபட்டதால் அவர் நிறுவிய தேற்றங்களுக்குக் குறை எதுவும் நேரவில்லை.

1915இல் வெளிவந்த இவ்வாய்வுக்காகவே 1916இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு இளங்கலைப் பட்டம் வழங்கியது. எஃப்.ஏ. தேர்வு அளிக்க மறுத்ததை எண்கள் அளித்தன. 1918இல் இலண்டன் இராயல் கழகம் அவரை உறுப்பினராக்கியது.

நோயுற்றுத் தாயகம் திரும்பிய இராமானுஜன், 1920 ஏப்ரல் 26இல் தம் 32ஆம் வயதில் சென்னையில் மறைந்தார். போர்க்காலப் பொருள் நெருக்கடியால் அன்று அச்சேறாமல் நின்ற அக்கட்டுரையின் எஞ்சிய பகுதி, 1997இல் விளக்கக் குறிப்புகளுடன் வெளிவந்தது.