தகப்பன் பெயரை மறைக்காதீர்கள்: ஸைது இப்னு ஹாரிஸா (ரலி) வாழ்வு தரும் பாடம்



ஒரு நிக்காஹ் மஜ்லிஸை நினைத்துப் பாருங்கள். தஃப்தர் விரித்து வைக்கப்பட்டிருக்கிறது. மணமகளின் தகப்பனார் பெயரை எழுதும் இடத்தில் பேனா நிற்கிறது. வளர்த்தவர் தன் பெயரைச் சொல்கிறார். குடும்பத்துப் பெரியவர் ஒருவர் எழுந்து வந்து ஹஜ்ரத்தின் காதில் மெல்ல ஏதோ சொல்கிறார். இருபது வருடம் மூடி வைத்த விஷயம் அந்த நொடியில் வெளியே வருகிறது. அந்தப் பெண் பிள்ளையின் மனம் என்ன பாடுபடும்?

பிள்ளை இல்லாத வீட்டில் ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து வளர்ப்பது பெரிய நன்மை. ஆனால் அந்தப் பிள்ளை எங்கிருந்து வந்தது என்பதை அதனிடமே மறைப்பது நன்மையா? இதற்கு ஒரு ஸஹாபியின் வாழ்க்கையே பதிலாக இருக்கிறது. அவர்தான் ஸைது இப்னு ஹாரிஸா (ரலி) அவர்கள்.

ஸைது (ரலி) கல்பு கோத்திரத்தைச் சேர்ந்தவர். சிறுவராக இருந்தபோது, தாயார் ஸுஃதா தன் பிறந்த வீட்டாரைப் பார்க்க அவரை அழைத்துச் சென்றார். வழியில் கொள்ளைக் கூட்டம் பாய்ந்தது. தாயின் கையிலிருந்து பிள்ளையைப் பறித்துக்கொண்டு போய், உக்காழ் சந்தையில் அடிமையாக விற்றுவிட்டார்கள். ஹகீம் இப்னு ஹிஸாம் 400 திர்ஹம் கொடுத்து, தன் மாமி கதீஜா (ரலி) அவர்களுக்காக வாங்கினார். கதீஜா அம்மையார் அந்தச் சிறுவரை நபி (ஸல்) அவர்களுக்கே கொடுத்துவிட்டார்கள்.

அங்கே தகப்பன் ஹாரிஸாவின் நிலை என்ன? மகன் உயிரோடு இருக்கிறானா, மண்ணுக்குள் போய்விட்டானா என்று தெரியாமல், புலம்பிப் பாடிக்கொண்டே தேடி அலைந்தார். இறந்துவிட்டான் என்று தெரிந்தாலாவது மனம் ஒரு நாள் ஆறும். தெரியாமல் இருப்பது ஆறாத புண்.

ஹஜ்ஜுக்கு வந்த கல்பு கோத்திரத்தார் மக்காவில் ஸைதைக் கண்டு அடையாளம் தெரிந்துகொண்டார்கள். செய்தி கேட்ட ஹாரிஸா, தம்பி கஅபையும் அழைத்துக்கொண்டு பணத்தோடு ஓடி வந்தார். நபி (ஸல்) அவர்கள் பணம் கேட்கவில்லை. பையனையும் ஒளித்து வைக்கவில்லை. அழைத்து முன்னால் நிறுத்தி, இவர்கள் யார் என்று தெரிகிறதா என்று கேட்டார்கள். தன் அத்தாவையும் சிறிய தகப்பனாரையும் ஸைது அடையாளம் சொன்னார். போவதா இருப்பதா என்ற முடிவை நபியவர்கள் அவரிடமே விட்டார்கள். ஸைது நபியவர்களுடனே இருப்பதாகச் சொன்னார். உடனே நபியவர்கள் கஅபாவுக்கு அருகே ஹிஜ்ர் பகுதிக்கு அவரை அழைத்துச் சென்று, இவர் என் மகன் என்று மக்கள் முன்னால் அறிவித்தார்கள். அதைக் கண்ட ஹாரிஸா மனநிறைவோடு ஊர் திரும்பினார்.

இந்தச் சம்பவத்தில் ஒளிவு மறைவு எங்கேயாவது இருக்கிறதா? பெற்றவருக்குத் தெரியும், வளர்த்தவருக்குத் தெரியும், பிள்ளைக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

அன்று முதல் அவர் பெயர் ஸைது இப்னு முஹம்மது. நுபுவ்வத் வந்தபோது முதன்முதலில் ஈமான் கொண்டவர்களில் அவரும் ஒருவர். தாயிஃபில் கல்லெறி விழுந்தபோது நபியவர்களுக்குத் தன் உடம்பையே கேடயமாக்கி, தலையில் காயம் பட்டவர் அவர்.

பிறகு மதீனாவில் அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 4, 5 வசனங்கள் இறங்கின. வாயால் மகன் என்று சொல்வதால் ஒருவர் சொந்த மகனாகிவிட மாட்டார். வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களுடைய தகப்பன்மார் பெயரைக் கொண்டே அழையுங்கள். தகப்பன் யாரென்று தெரியாவிட்டால் அவர்கள் உங்கள் மார்க்கச் சகோதரர்கள் என்பதே அவற்றின் கருத்து. ஸைது இப்னு முஹம்மது மீண்டும் ஸைது இப்னு ஹாரிஸா ஆனார்.

யோசித்துப் பாருங்கள், முஹம்மதின் மகன் என்ற பெயரை விடுவது எவ்வளவு பெரிய இழப்பு! ஆனால் அல்லாஹ் அவரை வெறுங்கையோடு விடவில்லை. அதே அத்தியாயத்தின் 37-வது வசனத்தில் ஸைது என்ற பெயரையே சொல்லிவிட்டான். அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) பெயர்கூட குர்ஆனில் இல்லை. ஸஹாபாக்களில் பெயர் சொல்லப்பட்டவர் ஸைது ஒருவர்தான். உலகம் முடியும் வரை தொழுகையில் ஓதப்படும் பெயர் அது.

பெயர் மாறியதால் பாசம் குறைந்ததா? இல்லை. படையில் ஸைது இருந்தால் நபியவர்கள் அவரையே தளபதியாக்குவார்கள் என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். ஸைதின் மகன் உஸாமா (ரலி) கறுப்பு நிறம், ஸைது வெள்ளை. அந்த வம்சத்தை மக்கள் சந்தேகமாகப் பேசினார்கள். ஒரு நாள் இருவரும் தலையை மூடிப் படுத்திருக்க, வெளியே தெரிந்த பாதங்களைப் பார்த்து, இவை ஒன்றிலிருந்து ஒன்று வந்தவை என்று அங்க அடையாளம் அறிந்த ஒருவர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டு நபியவர்களின் முகம் மலர்ந்தது. ஹிஜ்ரி 8-ல் முஅத்தா போரில் கொடியேந்தி ஸைது ஷஹீதானபோது நபியவர்களின் கண்கள் கண்ணீர் வடித்தன.

தகப்பன் யாரென்றே தெரியாத பிள்ளைக்கு என்ன வழி என்று கேட்கிறீர்களா? ஸாலிம் (ரலி) அவர்களைப் பாருங்கள். அபூஹுதைஃபா (ரலி) வளர்த்த பிள்ளை. தகப்பன் பெயர் தெரியாததால் அபூஹுதைஃபாவின் மவ்லா என்றே அழைக்கப்பட்டார். குர்ஆனை யாரிடம் கற்க வேண்டும் என்று நபியவர்கள் சொன்ன நால்வரில் அவர் ஒருவர். வம்சம் தெரியாதது அவருக்கு ஒரு குறையாகவே இருக்கவில்லை.

உலகம் இந்தப் பாடத்தைத் தாமதமாகத்தான் கற்றது. இங்கிலாந்தில் தத்துப் பிள்ளைகள் வளர்ந்த பின் தங்கள் அசல் பிறப்புப் பதிவைப் பார்க்கும் உரிமை 1975-ம் ஆண்டுச் சட்டத்தில்தான் கிடைத்தது. பக்கத்தில் இலங்கையிலிருந்து 1970, 80-களில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். பலருடைய காகிதங்களில் இருந்த தாயின் பெயரே பொய் என்று பின்னால் தெரிந்தது. நெதர்லாந்து அரசு அமைத்த விசாரணைக் குழு 2021-ல் இந்த முறைகேடுகளை உறுதிப்படுத்தியது. வளர்ந்து ஆளான அந்தப் பிள்ளைகள் இன்றும் அம்மாவைத் தேடி இலங்கைக்கு வருகிறார்கள். இது ஹாரிஸா அலைந்த அதே அலைச்சல். இங்கே பிள்ளை அலைகிறது.

நம் ஆரணியில் தறி பார்க்காதவர் யார்? கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். கரைக்குத் தனி நாடா ஓடும். இரண்டும் சேரும் இடத்தில் இழையோடு இழை கோத்துக்கொள்ளும். கரைக்கு உடலின் சாயத்தைப் பூசி யாரும் சேர்ப்பதில்லை. வளர்ப்புப் பிள்ளையின் உறவும் அப்படித்தான் இருக்க வேண்டும். அதன் நிறம் அதற்கு, பிணைப்பு நமக்கு.

ஆகவே பிள்ளை வளர்ப்பவர்களே, நான்கு விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, விவரம் தெரிகிற வயதிலேயே பிள்ளையிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். உங்கள் வாயால் கேட்டால் அது பாசம். ஊரார் வாயால் கேட்டால் அது இடி.

இரண்டு, பெற்ற தகப்பன் பெயரை மறைக்காதீர்கள். பெண் பிள்ளையின் நிக்காஹுக்கு பெற்றவர்தான் வலீ; அவர் உங்களை வகீலாக ஆக்கலாம்.

மூன்று, வளர்ப்புப் பிள்ளைக்கு வாரிசுப் பங்கு இல்லை என்று கைகழுவி விடாதீர்கள். உயிரோடு இருக்கும்போதே கொடுக்கலாம். மூன்றில் ஒரு பங்கு வரை வஸிய்யத் எழுதலாம்.

நான்கு, இரண்டு வயதுக்குள் வளர்ப்புத் தாய் பாலூட்டினால் பால்குடி உறவு ஏற்பட்டு மஹ்ரம் பிரச்சினை தீர்கிறது. அதன் சட்டத்தை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாட்டின் சட்டத்திலும் 1890-ம் ஆண்டின் கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டப்படி, வம்சத்தை மாற்றாமல் காப்பாளராக நியமனம் பெற வழி இருக்கிறது.

வளர்ப்புப் பிள்ளையாக வளர்ந்து இதைப் படிப்பவரே! உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களிடம் மறைத்தவர்கள் பெரும்பாலும் உங்களை இழந்துவிடுவோமோ என்ற பயத்தில்தான் மறைத்தார்கள். அவர்களை மன்னியுங்கள். உங்கள் வேரைத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. வளர்த்தவரை மதிப்பது உங்கள் கடமை. ஸைது (ரலி) அவர்களுக்கு இரண்டும் இருந்தது.

யா அல்லாஹ்! பிள்ளையற்ற வீடுகளுக்கு ஸாலிஹான பிள்ளைகளைத் தருவாயாக. அனாதைகளுக்கு அன்பான வீடுகளைத் தருவாயாக. பிரிந்த தாயையும் பிள்ளையையும் சேர்த்து வைப்பாயாக. உண்மை பேசும் துணிவை எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.