கண்ணொளி வழங்கிய ஹட்சன் சில்வா

தானங்களுள் சிறந்தது அன்னதானம் என்பர். ஒருவர் இறந்த பின்னரும் செய்யக்கூடிய தானம் ஒன்று உண்டு என்பதை இலங்கை மக்களுக்கு உணர்த்தியவர் வைத்தியகலாநிதி ஹட்சன் சில்வா ஆவார்.

இவர் 1929 ஆம் ஆண்டு பிறந்து, கொழும்பில் மருத்துவம் கற்றார். கண்ணின் முன்புறத்தில் கண்ணாடி போன்று அமைந்துள்ள பகுதி விழிவெண்படலம் எனப்படும். காயத்தினாலோ நோயினாலோ இது மங்கினால் ஒளி உட்செல்லாது, பார்வை கெடும். பிறரின் தெளிவான படலத்தைப் பொருத்தினால் பார்வை மீளக்கூடும் என்பதை 1905 இல் எடுவர்ட் சேர்ம் என்னும் வைத்தியர் நிரூபித்திருந்தார். ஆனால் இலங்கையில் சிகிச்சை முறை இருந்தும் கண்களைக் கொடுப்பார் இல்லை.

இக்குறையைப் போக்க எண்ணிய ஹட்சன் சில்வா, 1958 இல் பத்திரிகைக் கட்டுரை மூலம் மக்களிடம் கண்தானம் வேண்டினார். மனைவி இராங்கனியும் தாயாரும் அவருக்குத் துணை நின்றனர். 1960 இல் தாயார் காலமானபோது அவரது கண்ணின் படலம் ஓர் ஏழை விவசாயிக்குப் பொருத்தப்பட்டது. ஊருக்குச் சொன்னதை அவர் முதலில் தம் வீட்டிலேயே செய்து காட்டினார்.

1961 இல் இலங்கை கண்தானச் சங்கம் உருவாயிற்று. ஆரம்பத்தில் தானமாகக் கிடைத்த கண்கள் அவரது வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைக்கப்பட்டன. 1964 இல் சிங்கப்பூருக்குக் கண்கள் அனுப்பப்பட்டன. பின்னர் 50க்கும் மேற்பட்ட நாடுகள் இலங்கையரின் கண்களால் பயன் பெற்றன. 1996 இல் மறைந்த முன்னாள் ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தனவும் கண்தானம் செய்தவரே. கண்களை ஈந்த மன்னனைப் பற்றிய ஜாதகக் கதையைப் பௌத்தர் அறிவர். கண்ணப்ப நாயனாரைச் சைவர் அறிவர். ஆகவே கண்டி முதலிய நம் ஊர்களில் இத்தானம் எச்சமயத்தவர்க்கும் அந்நியமன்று.

எனினும் மாணவர்களே, இச்சிகிச்சைக்கும் எல்லை உண்டு. படலத்தின் மேற்பரப்பு நாளும் தேய்ந்து புதுப்பிக்கப்படுகின்றது. அதன் விளிம்பிலுள்ள மூலவுயிர்க்கலங்களே, அதாவது ஸ்டெம் கலங்களே, இதனைச் செய்கின்றன. வெற்றிலைக்கு இடும் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் இக்கலங்கள் அழியக்கூடும். அப்போது பிறர் படலத்தை மட்டும் பொருத்துவதால் நிலையான பயன் கிட்டாது. நோயாளியின் மற்றைய கண்ணிலிருந்து சிறிதளவு கலங்களை எடுத்து, ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பொருத்தும் முறை 1997 இல் இத்தாலிய ஆய்வாளர்களால் அறிவிக்கப்பட்டது. 2015 இல் ஐரோப்பா இதனை நிபந்தனையுடன் அங்கீகரித்தது. ஆயினும் இரு கண்களிலும் அக்கலங்கள் முற்றாக அழிந்தோருக்கு இம்முறை உதவாது. விழித்திரையும் பார்வை நரம்பும் பழுதடைந்தால் அவற்றையும் இது சீராக்காது. ஆகவே ஸ்டெம் கலங்களால் எந்நோயும் தீரும் எனக் கூறும் விளம்பரங்களை நம்பிப் பணத்தை இழத்தல் கூடாது.

ஹட்சன் சில்வா 1999 இல் காலமானார். விஞ்ஞானம் எவ்வளவு வளர்ந்தாலும், படலம் மங்கியோர் பலருக்கு இன்றும் மனிதர் மனமுவந்து அளிக்கும் கண்களே தேவைப்படுகின்றன. அம்மனத்தை நம் நாட்டில் வளர்த்தமையே அவர் செய்த பெரும்பணியாகும்.

நினைவிற் கொள்க: 1958 – கண்தான வேண்டுகோள், 1961 – சங்கம் உருவாதல், 1964 – சிங்கப்பூருக்குக் கண்கள் அனுப்பப்படல், 1999 – மறைவு.