பிரெட் டி. ஜேன்

ஜான் பிரெடரிக் தாமஸ் ஜேன் (ஆகஸ்ட் 6, 1865 - மார்ச் 8, 1916) ஓர் ஆங்கிலேய ஓவியர், எழுத்தாளர், கடற்படை ஆய்வாளர் ஆவார். பிரெட் டி. ஜேன் என்ற சுருக்கப் பெயரால் பரவலாக அறியப்படுகிறார். உலகப் போர்க்கப்பல்களைப் பட்டியலிடும் ஜேன்ஸ் ஃபைட்டிங் ஷிப்ஸ் என்னும் ஆண்டு நூலைத் தொடங்கியவர் இவரே. அந்நூலின் தோற்றம் ஒரு மேசை விளையாட்டின் விதிகளுடன் பின்னிப் பிணைந்தது என்பது பலர் அறியாத செய்தி.

வாழ்க்கை

இங்கிலாந்தின் ரிச்மண்டு நகரில் ஒரு கிறித்தவ மதகுருவின் மகனாகப் பிறந்தார். எக்சிட்டர் பள்ளியில் கல்வி பயின்றார். 1882 ஆம் ஆண்டு பிரித்தானியக் கப்பல்கள் எகிப்தின் அலெக்சாந்திரியா துறைமுகத்தைக் குண்டுவீசித் தாக்கிய செய்தி, பதினாறு வயதுச் சிறுவனான இவரைக் கப்பல்களை வரையத் தூண்டியது. பின்னர் இலண்டனில் இதழ்களுக்குப் படம் வரைந்து பிழைத்தார். ஜார்ஜ் கிரிஃபித் எழுதிய அறிபுனைகளுக்கு இவர் வரைந்த ஓவியங்கள் குறிப்பிடத்தக்கவை. தாமும் சில அறிபுனைகளை எழுதினார். 1906 இல் போர்ட்ஸ்மவுத் தொகுதியில் நாடாளுமன்றத் தேர்தலில் நின்று தோல்வியுற்றார்.

கடற்போர் விளையாட்டு

1898 இல் ஜேன் தமது கடற்போர் விளையாட்டை வெளியிட்டார். சிறு மாதிரிக் கப்பல்களை மேசையில் நகர்த்தி ஆடும் இவ்விளையாட்டில் சுடும் முறை புதுமையானது. எதிரிக் கப்பலின் பக்கத்தோற்றம் ஒரு தாளில் வரையப்பட்டிருக்கும். ஆடுபவர் ஊசி பொருத்திய ஒரு தட்டையான மட்டையால் அதன்மீது அடிப்பார். ஊசி மட்டையின் நடுவில் இராது. ஆகவே எங்கே துளை விழும் என்று அடிப்பவருக்கே உறுதியாகத் தெரியாது. துளை விழுந்த இடத்தில் குண்டு பட்டதாகக் கொள்ளப்படும்.

பட்ட குண்டு கவசத்தைத் துளைத்ததா என்பதே அடுத்த கேள்வி. விடை எளிதன்று. குண்டின் நிறை, விட்டம், மோதும் வேகம், மோதும் கோணம், தகட்டின் தடிப்பு ஆகிய யாவும் இதில் பங்கு கொள்கின்றன. தடிப்பை மட்டும் ஒப்பிட்டாலும் ஏமாற்றமே. அக்காலக் கணக்கின்படி 15 அங்குலத் தேனிரும்பு தரும் காப்பை, தேனிரும்பின் முகப்பில் எஃகு சேர்த்த கூட்டுத் தகடு 12 அங்குலத்திலும், ஹார்வி தகடு ஏறத்தாழ 7.75 அங்குலத்திலும், குருப் தகடு 5.75 அங்குலத்திலும் தந்தன. பழைய கப்பலின் தடித்த கவசம் புதிய கப்பலின் மெல்லிய கவசத்துக்குத் தோற்றுவிடக்கூடும்.

இச்சிக்கலை ஜேன் எழுத்துக்களால் தீர்த்தார். பீரங்கிகளைத் துளைக்கும் ஆற்றலின்படி ஏ, பி, சி என ஆங்கிலப் பெரிய எழுத்துக்களாலும், கவசங்களைத் தாங்கும் ஆற்றலின்படி அதே எழுத்துக்களின் சிறிய வடிவாலும் வகைப்படுத்தினார். நடுவர் இரண்டு எழுத்துக்களை ஒப்பிட்டாலே போதும். ஒரு பெரும் சமன்பாட்டை ஒரேயோர் எழுத்தில் அடக்கிய இத்திறன் இன்றைய நிரலாளரும் மெச்சத்தக்கது. ஆனால், இதற்கு எல்லா நாட்டுக் கப்பல்களின் விவரமும் ஒரே அளவுகோலில் தேவைப்பட்டது. அவ்வாறு திரட்டிய விவரங்களே, அவர் கைப்பட வரைந்த படங்களுடன் அதே 1898 இல் நூலாயின. போர்ட்ஸ்மவுத்தில் கடற்படை அதிகாரிகளும் இவ்விளையாட்டை ஆடினர்.

அளவுகோலின் வரம்பு

துளைக்கும் ஆற்றல் பற்றிய எண்கள் பெரும்பாலும் சோதனைத் திடலில், நேர்க்குத்தாக நிறுத்திய தகட்டைச் சுட்டுப் பெறப்பட்டவை. கடலில் நடந்தது வேறு. 1894 ஆம் ஆண்டு யாலு ஆற்று முகப்புப் போரில் சீனாவின் திங்யுவான், சென்யுவான் கப்பல்கள் மிகப் பல குண்டுகளை ஏற்றும் அவற்றின் 14 அங்குலக் கவசம் துளைபடவில்லை. 1905 இல் சுசிமாப் போரில் உருசியக் கப்பல்களை வீழ்த்தியதில் கவசத்தைத் துளைத்த குண்டுகளைவிட, தீக்கும் கவசமற்ற பகுதிகள் சிதைந்து நீர் புகுந்ததற்குமே பங்கு அதிகம். அடுத்த ஆண்டு வெளியான ஹெரசீஸ் ஆஃப் சீ பவர் என்னும் நூலில், கடற்போர் பற்றி அன்று நிலைபெற்றிருந்த கோட்பாடுகளை ஜேன் கேள்விக்கு உட்படுத்தினார்.

மறைவும் யூட்லாந்தும்

ஜேன் 1916 மார்ச் 8 அன்று சவுத்சீயில் தமது இல்லத்தில் காலமானார். அப்போது அவருக்கு வயது 50. மூன்று மாதங்கள் நிறைவதற்குள், மே 31 அன்று யூட்லாந்துப் போர் மூண்டது. பிரித்தானியாவின் மூன்று போர்க்குரூசர்கள் வெடித்து மூழ்கின. 3,300 பேருக்கு மேல் மாண்டனர். குண்டு தாக்கிய இடத்திலிருந்து தீ, பாதுகாப்பின்றிக் குவித்து வைக்கப்பட்டிருந்த வெடிமருந்து வழியே கிடங்குவரை பரவியதே முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. எந்த எழுத்து வரிசையும் இதைக் கணக்கில் கொண்டிருக்கவில்லை. மறுபுறம், பிரித்தானியக் குண்டுகள் பல, சாய்வாக மோதியபோது கவசத்தைத் துளைக்காமல் உடைந்தன அல்லது தகட்டின் மேலேயே வெடித்தன. திருத்தியமைக்கப்பட்ட குண்டுகள் 1918 இல்தான் கப்பல்களுக்கு வழங்கப்பட்டன.