ஆண்களோடு மோதி வெள்ளி வென்ற பெண்: யார் இந்த மேட்ஜ் சையர்ஸ்?

1902, லண்டன். உலக ஃபிகர் ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்புக்குப் பெயர் கொடுத்தார் ஒரு பெண். விதிகளைப் புரட்டினால், பெண்கள் ஆடக் கூடாதுன்னு எங்கேயும் இல்லை. பெண்கள் வருவாங்கன்னு யாரும் நினைக்கவே இல்லை, அவ்வளவுதான்!

அவர்தான் இங்கிலாந்தின் மேட்ஜ் சையர்ஸ். அப்போது வயது 20. ஆண்களோடு மோதி இரண்டாம் இடம் பிடித்தார். முதலிடம், ஸ்வீடனின் உல்ரிக் சால்கோவ். இன்றைய ‘சால்கோவ் ஜம்ப்’ இவர் பெயரில் வந்ததுதான்.

அடுத்த ஆண்டே, ஆண்களுடன் பெண்கள் போட்டியிட சர்வதேச ஸ்கேட்டிங் யூனியன் தடை போட்டது. சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று: நீளப் பாவாடை மறைப்பதால் நடுவர்களுக்குப் பாதம் தெரியாதாம். மேட்ஜ் ஆடியதோ கணுக்காலுக்கு மேலே நிற்கும் பாவாடையில்!

உள்நாட்டில் அந்தத் தடை இல்லை. 1903-ல் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். 1904-லும் அவர்தான், இரண்டாம் இடம் யாருக்கு? கணவர் எட்கருக்கு!

1906-ல் பெண்களுக்கெனத் தனி சாம்பியன்ஷிப் வந்தது. முதல் இரண்டு ஆண்டும் பட்டம் மேட்ஜுக்கே. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் முதன்முறையாக ஃபிகர் ஸ்கேட்டிங் சேர்க்கப்பட்டபோது, பெண்கள் ஒற்றையரில் தங்கம், எட்கருடன் ஜோடிப் பிரிவில் வெண்கலம்.

அதன்பின் உடல்நலம் ஒத்துழைக்கவில்லை. போட்டிகளிலிருந்து விலகினார். 1917-ல் இதய நோயால் இறந்தபோது வயது 35 மட்டுமே. அவரைத் தடுக்கப் போட்ட விதிதான், கடைசியில் பெண்களுக்குத் தனிப் போட்டி கிடைக்கவும் வழிவிட்டது.